எட்டாம் வகுப்போடு நிற்காத கணக்கு: அமெரிக்காவின் கிப் சார்ட்டர் பள்ளிகள் – ஒரு நிகழ்வு ஆய்வு

நியூயார்க் நகரத்தின் பிராங்க்ஸ் பகுதியில் 1999-ம் ஆண்டு 38 பிள்ளைகள் ஒரு சின்னப் பள்ளியில் எட்டாம் வகுப்பை முடித்தார்கள். பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள். வீட்டில் வருமானம் குறைவு. பிராங்க்ஸ் பகுதியிலேயே அந்த ஆண்டு அதிக மதிப்பெண் அவர்களுடையது. நகரம் முழுக்க எடுத்துக்கொண்டால் ஐந்தாவது இடம். செய்தியாளர்கள் வந்தார்கள், தொலைக்காட்சி வந்தது. நல்ல உயர்நிலைப் பள்ளிகளில் இடம் கிடைத்தது. ஏறக்குறைய எல்லாரும் பள்ளிப் படிப்பை முடித்தார்கள். 80 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் கல்லூரியிலும் சேர்ந்துவிட்டார்கள்.

பள்ளிப் படிப்பு முடிந்து ஆறு ஆண்டுகள் ஆனபோது எண்ணிப் பார்த்தார்கள். நான்காண்டுப் பட்டம் வாங்கியிருந்தவர்கள் 8 பேர். அதாவது 21 சதவீதம்.

அந்தப் பள்ளியின் பெயர் கிப் அகாடமி. ‘அறிவே ஆற்றல்’ என்ற பொருளில் வரும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள்தான் கிப். அரசுப் பணத்தில் தனிக் குழுக்கள் நடத்தும் அமெரிக்க சார்ட்டர் பள்ளிகளைப் பற்றிப் பேசுகிற யாரும் இந்தப் பெயரைத் தாண்டிப் போக முடியாது. இவர்களுடைய மதிப்பெண் சாதனையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு அதைவிட அந்த 8 என்ற எண்ணை வைத்துக்கொண்டு அவர்கள் அப்புறம் என்ன செய்தார்கள் என்பதில்தான் ஆர்வம். ஒரு பள்ளி தன் வெற்றியை எந்த இடத்தில் நின்று எண்ணுகிறது என்பதைப் பொறுத்து அதன் பாடத்திட்டமே மாறிப்போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான வழக்கு எனக்குத் தெரியவில்லை.

ஹூஸ்டனில் எதிர் வகுப்பறை

‘டீச் ஃபார் அமெரிக்கா’ என்று ஓர் அமைப்பு. கல்லூரி முடித்த இளைஞர்களை இரண்டு ஆண்டுகளுக்கு ஏழைப் பகுதிப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களாக அனுப்பும். அதன் வழியாக 1992-ல் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டனுக்கு வந்தவர்கள் மைக் ஃபைன்பெர்க், டேவ் லெவின். பெரிய பல்கலைக்கழகங்களில் படித்தவர்கள்தான், ஆனால் வகுப்பை அடக்கத் தெரியவில்லை. லெவின் வேலை பார்த்த தொடக்கப் பள்ளியில் எதிர் வகுப்பறையில் ஹாரியட் பால் என்ற டீச்சர் இருந்தார். ஆறடிக்கு மேல் உயரம், கணீரென்ற குரல், பல ஆண்டு அனுபவம். அவர் வகுப்பிலிருந்து எப்போதும் பாட்டுச் சத்தம் கேட்கும்.

ஏழாம் வாய்ப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் விரல்களை நீட்டி, கையைச் சுழற்றியபடி தாளத்தோடு 7, 14, 21 என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். ஆறேழு எவ்வளவு என்று கேட்டால் ஆறாவது விரலுக்கு வரும்போது வாயில் 42 வந்து நிற்கும். திரும்பத் திரும்பச் சொல்லி மனப்பாடம் ஆனது போலவும் இருக்கும்; அதேசமயம் பெருக்கல் என்பது கூட்டலின் தொடர்தான் என்பது விரலிலேயே தெரிந்தும்விடும். ‘ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு’ என்று ராகம் போட்டு வளர்ந்த நமக்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை. அமெரிக்கக் கல்வித் துறையில் மனப்பாடம் என்றாலே முகம் சுளித்துக்கொண்டிருந்த காலம் அது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிப் என்ற பெயருக்கு அடியாக இருந்ததும் ஹாரியட் பால் வகுப்பில் பாடிய ஒரு பாட்டின் வரிதான். இரண்டு இளைஞர்களும் அவரிடம் கற்றுக்கொண்டதை மறைத்ததில்லை. ஆனாலும் வரலாற்றில் ‘நிறுவனர்கள்’ என்று இவர்கள் இருவரின் பெயரே நின்றது. இது எங்கும் நடப்பதுதான்.

1994-ல் ஹூஸ்டன் கார்சியா தொடக்கப் பள்ளியில் சுமார் 50 ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு ஃபைன்பெர்க் ஹூஸ்டனிலேயே தங்க, லெவின் பிராங்க்ஸுக்குப் போய், நடந்துகொண்டிருந்த ஓர் அரசுப் பள்ளிக் கட்டடத்தில் இடம் வாங்கி இன்னொன்றைத் தொடங்கினார். முதல் பத்தியில் வந்த 38 பேர் அங்கே 1995-ல் ஐந்தாம் வகுப்பில் சேர்ந்தவர்கள்.

சார்ட்டர் பள்ளி என்றால் என்ன என்பதை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளி, கட்டணம் கிடையாது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்தான், நுழைவுத் தேர்வு வைக்கக் கூடாது. நிர்வாகம் மட்டும் உள்ளூர்ப் பள்ளி வாரியத்தின் கையில் இருக்காது. ஒரு குழு அரசோடு சில ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் போட்டு நடத்தும். அந்த ஒப்பந்தத்துக்குத்தான் சார்ட்டர் என்று பெயர். சொன்னபடி பிள்ளைகள் படிக்கவில்லை என்றால் ஒப்பந்தம் போகும், பள்ளியும் மூடப்படும். மினசோட்டா மாநிலம் 1991-ல் முதல் சட்டத்தைக் கொண்டுவந்தது. டெக்சாஸில் 1995, நியூயார்க்கில் 1998. ஆக, கிப் தொடங்கியபோது அது சார்ட்டர் பள்ளியாகவே இல்லை. சாதாரண அரசுப் பள்ளிக்குள் ஒரு திட்டமாகத்தான் இருந்தது. சட்டம் வந்த பிறகு அந்தச் சட்டைக்குள் புகுந்துகொண்டது.

நாள் எப்படிப் போகும்

ஆரம்ப ஆண்டுகளில் காலை 7:30-க்கு உள்ளே வந்தால் மாலை 5 மணிக்குத்தான் வெளியே. மாதத்தில் சில சனிக்கிழமைகளும் பள்ளி உண்டு. கோடை விடுமுறையில் மூன்று வாரம் கூடுதல் வகுப்பு. சேரும்போது பிள்ளை, பெற்றோர், ஆசிரியர் மூவரும் ஓர் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஆசிரியர் வீட்டுக்கே வந்து அதைப் படித்துக் காட்டிவிட்டுப் போவார். ஆசிரியரின் தொலைபேசி எண் எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கும். இரவில் வீட்டுப்பாடத்தில் சந்தேகம் வந்தால் அழைக்கலாம். அழைத்தார்கள். சாப்பிட உட்காரும்போது பின்னக் கணக்குக் கேட்டு அழைப்பு வருவது இந்த ஆசிரியர்களுக்குப் பழகிப்போன விஷயம்.

அப்புறம் அந்தச் ‘சம்பளச் சீட்டு’. வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள் வரும். நேரத்துக்கு வந்தது, வீட்டுப்பாடம் முடித்தது, வகுப்பில் கவனித்தது எல்லாம் டாலர் கணக்கில் ஏறும், தவறினால் இறங்கும். பெற்றோர் அதில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அந்த டாலருக்குப் பள்ளிக் கடையில் பேனா, நோட்டு, சட்டை வாங்கலாம். வருடக் கடைசியில் வெளியூர்ச் சுற்றுலாவுக்கு யார் போகலாம் என்பதையும் அந்தச் சீட்டின் சராசரிதான் சொல்லும். சுற்றுலா என்றால் பெரும்பாலும் வேறு மாநிலம். வழியில் கல்லூரி வளாகங்களையும் காட்டிக்கொண்டு வருவார்கள். வகுப்புக்கே பெயர் அப்படித்தான்: 1995-ல் சேர்ந்த ஐந்தாம் வகுப்பை ஐந்தாம் வகுப்பு என்று சொல்ல மாட்டார்கள், ‘2003 வகுப்பு’ என்பார்கள். கல்லூரிக்குப் போகப்போகும் ஆண்டு அது. பிராங்க்ஸ் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் இசைக்குழுவிலும் இருந்தார்கள். விரும்பியவர்கள் மட்டும் என்ற பேச்சே இல்லை.

இந்த ஏற்பாட்டின் இறுக்கமான முகத்தையும் சொல்ல வேண்டும். நேராக உட்கார், கவனி, கேள்வி கேள், தலையசை, பேசுகிறவர் மேல் கண்ணை வை என்று ஐந்து கட்டளைகளைச் சேர்த்து ஒரே சொல்லாக்கி வகுப்புகளில் பழக்கினார்கள். தவறு செய்த பிள்ளையைச் சில நாள் மற்றவர்களோடு பேசவிடாமல் தனியே உட்கார வைக்கும் வழக்கமும் ஆரம்ப காலத்தில் இருந்தது. கறுப்பினப் பிள்ளைகளின் உடம்பை இப்படிக் கட்டுப்படுத்துவது என்ன கல்வி என்ற கேள்வி வெளியிலிருந்தும், பின்னாளில் அங்கேயே படித்து முடித்தவர்களிடமிருந்தும் எழுந்தது. ‘கடினமாக உழை, பண்போடு நட’ என்ற தங்கள் புகழ்பெற்ற முழக்கத்தை கிப் 2020-ல் தானே கைவிட்டது.

பணம், வளர்ச்சி

இதை வேகமாகக் கடந்துவிடலாம். 1999-ல் தேசியத் தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி வந்தது. அதைப் பார்த்த ‘கேப்’ துணிக்கடை நிறுவனர்கள் டான், டோரிஸ் ஃபிஷர் தம்பதி 2000-ம் ஆண்டில் 1.5 கோடி டாலர் கொடுத்தார்கள். அதில் ஓர் அறக்கட்டளை உருவாகி, தலைமையாசிரியர்களுக்கு ஓராண்டுப் பயிற்சி கொடுத்து ஒவ்வொரு ஊருக்கும் அனுப்பியது. 2004 முதல் தொடக்கப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி என்று இரண்டு பக்கமும் விரிந்தார்கள். 2020-களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 280 பள்ளிகள், 1,20,000-க்கும் மேல் மாணவர்கள்.

மதிப்பெண் உயர்ந்தது உண்மையா?

உண்மைதான். ஆனால் அதை நிரூபிப்பது லேசான காரியமாக இல்லை. குலுக்கலில் விண்ணப்பிக்கும் பெற்றோரே அக்கறையுள்ள பெற்றோர்தானே, அந்த வீட்டுப் பிள்ளை எங்கே போட்டாலும் படிக்குமே என்பது நியாயமான சந்தேகம். விடை அதே குலுக்கலில் கிடைத்தது. சீட்டு விழுந்த பிள்ளை, விழாத பிள்ளை இருவர் வீட்டிலும் விண்ணப்பம் போட்ட பெற்றோர்தான். இருவருக்கும் நடுவே இருப்பது அதிர்ஷ்டம் மட்டும். ஆகவே இருவரையும் சில ஆண்டு கழித்து ஒப்பிட்டால் பள்ளியின் வேலை மட்டும் தனியாகத் தெரியும்.

பாஸ்டனுக்கு வடக்கே லின் என்ற ஊர். அங்கே 2004-ல் திறந்த கிப் பள்ளியில் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ஜோஷுவா ஆங்ரிஸ்டும் சக ஆய்வாளர்களும் இதைச் செய்து பார்த்தார்கள். கிப்பில் கழித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் கணிதத்தில் சுமார் 0.35 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு) ஏற்றம், வாசிப்பில் 0.12. கல்வி ஆய்வில் ஆண்டுக்கு 0.35 என்பது சாதாரண எண் இல்லை. அதிகமாக முன்னேறியவர்கள் யார் என்றால், ஆங்கிலம் சரளமாக வராத பிள்ளைகளும் சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளும். ‘நன்றாகப் படிக்கிற பிள்ளைகளைப் பொறுக்கிக்கொள்கிறார்கள்’ என்ற குற்றச்சாட்டு இந்த இடத்தில் பலவீனப்படுகிறது.

2013-ல் மேத்தமேட்டிக்கா என்ற ஆய்வு நிறுவனம் 43 கிப் நடுநிலைப் பள்ளிகளைப் பார்த்தது. மூன்று ஆண்டுகளில் ஒப்பீட்டுப் பிள்ளைகளைவிடக் கணிதத்தில் 11 மாதம், வாசிப்பில் 8 மாதம், அறிவியலில் 14 மாதம் படித்த அளவுக்குக் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். கேள்வித்தாளில் பிள்ளைகளையும் விசாரித்தார்கள். தினமும் அரை மணி நேரத்துக்கு மேல் கூடுதலாக வீட்டுப்பாடம் செய்கிறார்கள். ஆனால் விடாமுயற்சி, தன்னடக்கம் போன்றவற்றில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. பெற்றோரோடு வாக்குவாதம் செய்ததாகவும் பொய் சொன்னதாகவும் ஒத்துக்கொண்டவர்கள் கொஞ்சம் அதிகம்! நேர்மையாகச் சொன்னார்கள் என்று எடுத்துக்கொள்வதா, நீண்ட பள்ளி நாளின் அலுப்பு என்று எடுத்துக்கொள்வதா, தெரியாது. குணநலனையும் கற்றுத்தருகிறோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்ட ஒரு நிறுவனத்துக்கு இந்தப் பக்கம் கசப்பாகத்தான் இருந்திருக்கும்.

வெளியேறியவர்கள்

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் கிப் பள்ளிகளை வேறொரு குழு ஆராய்ந்தது. அவற்றில் நான்கு பள்ளிகளில் 2003-04 கல்வியாண்டில் ஐந்தாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் 60 சதவீதம் பேர் எட்டாம் வகுப்பு முடிவதற்குள் வெளியேறியிருந்தார்கள். 2008-ல் இந்த அறிக்கை வந்தபோது விமர்சகர்களுக்கு இது போதுமானதாக இருந்தது.

நிறையப் பள்ளிகளை ஒன்றாகப் பார்த்த பிற்கால ஆய்வுகளில் படம் கொஞ்சம் மாறுகிறது. ஏழைக் குடும்பங்கள் வீடு மாறிக்கொண்டே இருப்பவை. பக்கத்து அரசுப் பள்ளியிலிருந்தும் அதே அளவில் பிள்ளைகள் வெளியேறுகிறார்கள். வித்தியாசம் வேறொரு இடத்தில் இருக்கிறது. அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளை போனால் அந்த இடத்துக்கு நடு ஆண்டில் இன்னொரு பிள்ளை வரும். எவ்வளவு பின்தங்கியிருந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கிப்பில் மேல் வகுப்புகளில் காலியிடத்தை நிரப்புவது குறைவு, அப்படிச் சேர்பவர்களும் ஓரளவு நன்றாகப் படிக்கிறவர்களாக இருந்தார்கள். இதனால் ஏழாம், எட்டாம் வகுப்புகளின் சூழலே வேறாகிவிடுகிறது. குலுக்கல் ஆய்வு கண்ட முன்னேற்றத்தை இது பொய்யாக்கிவிடாது. ஆனால் ‘எங்களால் முடிகிறது, பக்கத்துப் பள்ளியால் ஏன் முடியவில்லை’ என்று கேட்கும் உரிமையைக் குறைக்கிறது.

ஆசிரியர்களின் நிலையும் உண்டு. பத்து மணி நேர வேலை, இரவில் தொலைபேசி, சனிக்கிழமை வகுப்பு. பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் இளைஞர்கள். குழந்தை பிறந்ததும் விட்டுவிடுகிறார்கள், அல்லது அதற்கு முன்பே களைத்துவிடுகிறார்கள். 2009-ல் புரூக்ளினில் ஒரு கிப் பள்ளியின் ஆசிரியர்கள் தொழிற்சங்கத்தில் சேர முடிவெடுத்தார்கள். சார்ட்டர் உலகத்தில் அது பெரிய அதிர்ச்சி. வெளியே இருந்து பார்க்கும் எனக்கு, இத்தனை நாள் எடுத்ததுதான் ஆச்சரியம்.

33 சதவீதம்

சரி, அந்த 8 பேருக்குத் திரும்புவோம். முதல் பட்டம் வாங்கியவர்கள் யார் யார் என்று லெவின் பார்த்தபோது, அவர்கள் எட்டாம் வகுப்பில் முதலிடம் பிடித்தவர்களாகவே இருக்கவில்லை. தோற்றால் எழுந்தவர்கள், பேராசிரியரிடம் போய் உதவி கேட்கத் தெரிந்தவர்கள், நண்பர்களைச் சேர்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் தாக்குப்பிடித்திருந்தார்கள். ஏழு குணங்களை எடுத்து, மதிப்பெண் பட்டியலைப் போலவே குணப் பட்டியலும் நியூயார்க் பள்ளிகளில் கொடுக்கத் தொடங்கினார்கள். இந்த முயற்சி உலகம் முழுக்கப் பேசப்பட்டது. மேலே சொன்ன 2013 ஆய்வு குணத்தில் மாற்றம் எதையும் காணவில்லை என்பதை அவ்வளவாக யாரும் பேசவில்லை.

என் பார்வையில் இதைவிட முக்கியமான காரியம் 2011-ல் நடந்தது. பத்து ஆண்டுக்கு மேல் முன்பு எட்டாம் வகுப்பு முடித்த எல்லாரையும் தேடிக் கணக்கெடுத்து கிப் வெளியிட்டது: 95 சதவீதம் பள்ளிப் படிப்பை முடித்திருந்தார்கள், 89 சதவீதம் கல்லூரிக்குப் போயிருந்தார்கள், நான்காண்டுப் பட்டம் பெற்றவர்கள் 33 சதவீதம். அன்றைக்கு அமெரிக்க இளைஞர்களில் பட்டம் பெற்றவர்கள் சுமார் 31 சதவீதம். குறைந்த வருமான வீடுகளில் 8 சதவீதத்தை ஒட்டி. ஆக 33 என்பது நான்கு மடங்கு. ஆனால் இவர்களே வைத்துக்கொண்ட இலக்கு 75. வசதியான வீட்டுப் பிள்ளைகள் எட்டும் அளவு அது.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களிலிருந்து எண்ணியிருந்தால் சதவீதம் அழகாக ஏறியிருக்கும். பல சார்ட்டர் பள்ளிகள் ‘எங்கள் மாணவர்கள் 100 சதவீதம் கல்லூரியில் சேர்ந்தார்கள்’ என்று பலகை வைப்பது அப்படித்தான். இடையில் உதிர்ந்தவர்கள் கணக்கில் வர மாட்டார்கள். நம் ஊரில் ஜூன் மாதம் பள்ளி வாசலில் தொங்கும் ஃப்ளெக்ஸ் போர்டும் இதே கணக்குதான். எட்டாம் வகுப்புக்குப் பிறகு வேறு பள்ளிக்குப் போய்விட்ட பிள்ளையையும் சேர்த்து எண்ணியது கிப் செய்த நேர்மை. அதே மூச்சில் சொல்ல வேண்டும்: எண்ணிக்கை எட்டாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. ஐந்தாம் வகுப்பில் சேர்ந்து ஆறில் போய்விட்ட பிள்ளை இந்த 33-க்கு உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. வளைகுடாப் பகுதியில் கண்டதுபோல் 100-க்கு 60 பேர் வெளியேறும் பள்ளி என்றால் இந்தத் தொடக்கப்புள்ளி சின்ன விஷயமா?

எண் வெளியானதும் வேலையின் தன்மை மாறியது. கிப்பில் எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளை எந்த உயர்நிலைப் பள்ளிக்குப் போனாலும் ஓர் ஆலோசகர் தொடர்வார். எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கிறது என்பதோடு, அந்தக் கல்லூரியில் ஏழைப் பிள்ளைகள் எத்தனை சதவீதம் பட்டம் வாங்குகிறார்கள் என்று பார்த்து விண்ணப்பிக்கச் சொன்னார்கள். இரண்டு கல்லூரிகளில் ஒரே மாதிரிப் பிள்ளைகள் சேர்ந்தாலும் ஒன்றில் பாதிப் பேர் முடிப்பார்கள், இன்னொன்றில் கால்வாசி. பென்சில்வேனியாவின் ஃபிராங்க்ளின் அண்ட் மார்ஷல் கல்லூரி கிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ஆதரிக்க 2011-ல் முதலாவதாக ஒப்பந்தம் போட்டது. பிறகு பல கல்லூரிகள் வந்தன. ஒரே கல்லூரிக்கு இரண்டு மூன்று கிப் பிள்ளைகளாகச் சேர்ந்து போவது நல்லது என்பதும் அனுபவத்தில் கற்றுக்கொண்டதுதான்.

2017-ல் வெளிவந்த பழைய மாணவர் கணக்கெடுப்பு இன்னொன்றைக் காட்டியது. கல்லூரியில் இருந்தவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் புத்தகத்துக்கும் கட்டணத்துக்கும் பணம் மிச்சம்பிடிக்கச் சாப்பாட்டைத் தவிர்த்திருந்தார்கள். வீட்டுக்குப் பணம் அனுப்பிக்கொண்டே படித்தவர்களும் உண்டு. ஏழாம் வாய்ப்பாட்டைத் தாளத்தோடு சொல்லத் தெரிந்த பிள்ளைதான்; கணக்கு வராமல் அவள் கல்லூரியை விடவில்லை. அவசரத்துக்குச் சின்னத் தொகை கொடுக்கும் ஏற்பாடுகளும் இதற்குப் பின் சேர்ந்துகொண்டன.

2023-ல் மேத்தமேட்டிக்கா மறுபடியும் குலுக்கல் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து வெளியிட்ட முடிவு எனக்கு இந்த வழக்கின் மையம். கிப் நடுநிலைப் பள்ளியிலும் அதன்பின் கிப் உயர்நிலைப் பள்ளியிலும் படித்தவர்கள் நான்காண்டுக் கல்லூரியில் சேர்வது ஒப்பீட்டுப் பிள்ளைகளைவிட 31 சதவீதப் புள்ளிகள் அதிகம்; பட்டம் பெறுவது 19 புள்ளிகள் அதிகம். நடுநிலைப் பள்ளியில் மட்டும் படித்து வேறு உயர்நிலைப் பள்ளிக்குப் போனவர்களிடம் தாக்கம் சிறியது. புள்ளியியல்படி உறுதியாகச் சொல்ல முடியாத அளவு.

1999-ல் பிராங்க்ஸிலேயே முதலிடம் பிடித்த அந்த 38 பேரும் இந்த இரண்டாம் வகைதான். அவர்கள் படித்தபோது கிப்புக்கு உயர்நிலைப் பள்ளியே கிடையாது. இன்றைக்கும் கிப் உயர்நிலைப் பள்ளி இல்லாத ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆலோசகர்தான் இருக்கிறார். 1994-ல் பின்னக் கணக்குக்காகப் பிள்ளை ஆசிரியரை அழைத்தது. இப்போது பிப்ரவரி மாத இரவில் ஆலோசகர் அழைத்து, உதவித்தொகைப் படிவத்தில் அம்மாவின் கையெழுத்து வாங்கியாச்சா என்று கேட்கிறார்.